தன் உற்பத்தியைத் தானே அடக்கும் புரதம்: எஸ்7 ஆய்வின் வரலாறு

முன்னுரை

சிதம்பரத்தில் 1952ஆம் ஆண்டு பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ரைபோசோமின் அமைப்பையும் செயலையும் ஆராய்ந்தமைக்காக 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். ரைபோசோம் உயிரணுவின் புரத உற்பத்திக்கூடம் என்பது பலரும் அறிந்ததே. அக்கூடத்தின் உறுப்புகளாகிய புரதங்களுள் சில, தம் மரபணுக்களின் வெளிப்பாட்டையும் கட்டுப்படுத்துகின்றன. எஸ்7 என்னும் புரதத்தின்வழி இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

கட்டுப்பாடு நிகழும் இடம்

ழாக்கோப், மோனோ ஆகியோர் 1961இல் முன்வைத்த கோட்பாட்டின் செல்வாக்கால், டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும் நிலையே மரபணுக் கட்டுப்பாட்டின் முதன்மை இடமாகக் கருதப்பட்டது. 1980இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மசயாசு நோமுரா குழுவினர், ஈ. கோலை நுண்ணுயிரியின் ரைபோசோமப் புரதங்கள் சில தமக்குரிய தூது ஆர்.என்.ஏ. மொழிபெயர்க்கப்படுவதைத் தடுப்பதாகக் காட்டினர். கட்டுப்பாடு படியெடுப்பிற்குப் பின்னரும் நிகழ்வது இதனால் தெளிவாயிற்று.

எஸ்7 இவ்வகையைச் சேர்ந்தது. ரைபோசோமுக்குரிய ஆர்.என்.ஏ. போதிய அளவில் இருக்கும்போது எஸ்7 அதனுடன் பிணைந்து, சிறு துணையலகின் தலைப்பகுதி உருவாவதைத் தொடங்கி வைக்கிறது. அந்த ஆர்.என்.ஏ. குறையும்போது, எஞ்சிய எஸ்7 தன் தூது ஆர்.என்.ஏ.வில், எஸ்12, எஸ்7 ஆகிய புரதங்களுக்குரிய பகுதிகளின் இடைவெளியில் பிணைகிறது, மொழிபெயர்ப்பு தடைபடுகிறது. தேவைக்கு மேல் புரதம் செய்து ஆற்றலை வீணாக்காமல் நுண்ணுயிரி தன்னைக் காத்துக்கொள்கிறது.

அமைப்பு காட்டிய விளக்கம்

எஸ்7 ஆர்.என்.ஏ.வை எவ்வாறு பற்றுகிறது என்னும் வினாவிற்கு அமைப்பியலே விடை தர வேண்டியிருந்தது. இயற்பியல் கற்று உயிரியலுக்கு வந்த ராமகிருஷ்ணன், யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூருடன் இணைந்து, நியூட்ரான் சிதறல் முறையால் சிறு துணையலகின் புரதங்கள் அமைந்துள்ள இடங்களை ஆராய்ந்தவர். பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவரும் விம்பர்லி, ஒயிட் ஆகியோரும் எஸ்7இன் படிக அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் 1997இல் வெளியிட்டனர். நேர்மின்னேற்றம் மிகுந்த பரப்பும், நீண்டு வெளிப்படும் கை போன்ற பகுதியும் அதில் புலப்பட்டன. எதிர்மின்னேற்றமுடைய ஆர்.என்.ஏ.வை ஈர்ப்பதற்கு இவை ஏற்றவை. கேம்பிரிட்ஜில் 2000இல் அவர் குழு வெளியிட்ட சிறு துணையலகின் முழு அமைப்பில், எஸ்7 தலைப்பகுதியின் ஆர்.என்.ஏ.வைப் பற்றியிருப்பது நேரடியாகத் தெரிந்தது.

முடிவுரை

எஸ்7 கட்டுமான உறுப்பாகவும் கட்டுப்பாட்டுக் கருவியாகவும் இயங்குவதற்கு அடிப்படை, ஆர்.என்.ஏ.வைப் பிணைக்கும் ஒரே ஆற்றலே. எனவே ரைபோசோமின் வரலாற்றை அமைப்பைக் கண்டறிந்த வரலாறாக மட்டும் எழுதுவது நிறைவுடையதாகாது. மரபணு வெளிப்பாட்டின் கட்டுப்பாட்டை விளக்கிய வரலாறும் அதனுடன் சேர்த்து எழுதப்பட வேண்டும்.