மலிவு போர்டில் எது இல்லை?

ரிச்சி தெருவில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து போர்டு சர்வீஸ் பார்க்கிறவன் நான். கேமிங்குக்குப் புது சிஸ்டம் அசெம்பிள் பண்ண வருகிற பையன்கள் கொட்டேஷனை நீட்டி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "அண்ணா, போர்டுல காசைக் குறைச்சு கிராபிக்ஸ் கார்டுல போட்டுடலாமா?" போடலாம். ஆனால் விலையைக் குறைப்பதற்காக போர்டிலிருந்து எதை எடுத்தார்கள் என்று பார்த்துவிட்டுப் போடணும். எடுக்கிற பொருள் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

486 காலத்தில் எடுத்தது கேஷ் மெமரி. ப்ராஸசருக்கும் ராமுக்கும் நடுவில் நிற்கிற வேகமான சின்ன மெமரி அது. விலை கூடிய சரக்கு. 90களின் நடுவில் தைவானிலிருந்து வந்த சில மலிவு போர்டுகளில் கேஷ் சிப் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகள் உட்கார்ந்திருந்தன. உள்ளே சிலிக்கான் கிடையாது. கால்களை மட்டும் ஒழுங்காக சால்டர் பண்ணியிருப்பார்கள். போதாததற்கு, கேஷ் இருப்பதாகத் திரையில் காட்டும்படி பயாஸையும் மாற்றி எழுதியிருந்தார்கள். டூம் ஓட்டிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும்.

இன்டெலே கேஷை எடுத்துப் பார்த்த கதையும் உண்டு. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷே இல்லை. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் 128 கேபி கேஷோடு செலரான் 300ஏ வந்தது. மலிவில் கேமிங் என்கிற சங்கதிக்கு உயிர் வந்தது அப்போதுதான் என்பேன். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் ஓடவேண்டிய அந்தச் சில்லை 440பிஎக்ஸ் சிப்செட் போர்டில் மாட்டி 100க்கு ஏற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். அபிட் பிஎச்6 போர்டில் அதற்கு ஜம்பரைக்கூடத் தொடவேண்டாம், பயாஸிலேயே மாற்றலாம். ப்ராஸசரில் மிச்சம் பிடித்து போர்டில் போட்ட காலம். இன்றைக்குப் பையன்கள் கேட்பதற்கு நேர் எதிர்.

அடுத்து எடுத்தது ஸ்லாட்டை. எங்கள் தெருவில் நிறையப் பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது இதுதான். 1999இல் இன்டெல் 810 சிப்செட் கிராபிக்ஸைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. தனி கார்டு வேண்டாம், காம்போ விலை இறங்கியது, வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் போனது. நல்ல காரியம்தான். ஆனால் ஏஜிபி ஸ்லாட் இல்லை. பிறகு வந்த 845ஜிவி போர்டுகளும் அப்படியே. 'ஒரிஜினல் இன்டெல், மூணு வருஷ வாரன்ட்டி' என்ற பேச்சுக்கே விற்றுத் தீர்ந்தன. கணக்கு எழுதவும் பாட்டுக் கேட்கவும் குறையே சொல்ல முடியாது. வைஸ் சிட்டிகூடத் தத்தித் தத்தி ஓடும். பிக்ஸல் ஷேடர் கட்டாயம் என்கிற கேம் வந்ததும், அது திறக்கவே மறுத்தது. பையன் கார்டு வாங்கிக்கொண்டு வருவான். கேபினட்டைத் திறந்தால் மாட்ட இடம் இருக்காது. சில போர்டுகளில் ஸ்லாட் வரவேண்டிய இடத்தில் சால்டர் புள்ளி வரிசை மட்டும் இருக்கும், மனை இருக்கிறது, வீடு இல்லை என்பதுபோல. பிசிஐ கார்டு என்று ஒரு வழி இருந்தது. ஆனால் பிசிஐ பாதையில் விநாடிக்கு 133 எம்பிதான் போகும். நாலு மடங்கு ஏஜிபியில் ஆயிரத்தைத் தாண்டும். அந்த கார்டில் காசைப் போடாதே, போர்டை மாற்று என்பேன். பாதிப் பேர் கேட்டார்கள்.

ஸ்லாட்டை எடுக்காமலும் மலிவு செய்யலாம் என்று காட்டியது ஆஸ்ராக். ஆஸுஸிலிருந்து 2002இல் கிளைத்த கம்பெனி. அவர்களுடைய 775டூயல்-விஎஸ்டிஏ போர்டில் ஏஜிபி, பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டும் இருக்கும்; டிடிஆர், டிடிஆர்2 இரண்டு ராமுக்கும் இடம் இருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் பார்க்க முழு நீளம், உள்ளே நாலு லேன்தான். இருக்கட்டும். பழைய கார்டையும் ராமையும் வைத்துக்கொண்டே புது ப்ராஸசருக்குப் போகலாமே. பட்ஜெட் என்றால் அதைத்தான் சொல்வேன்.

2000க்குப் பிறகு சில வருஷங்கள், எடுத்தது கண்ணுக்கே தெரியவில்லை. கெப்பாசிட்டரின் தரம் போயிருந்தது. ப்ராஸசர் சாக்கெட்டைச் சுற்றி நிற்கிற டப்பாக்களின் தலை தட்டையாக இருக்கணும். கீறலோடு உப்பியிருந்தால் முடிந்தது கதை. சிலது வெடித்துப் பழுப்புப் பொருக்கு கட்டியிருக்கும். விலை கூடிய போர்டுகளும் தப்பவில்லை. 'டிஸ்ப்ளே வரலை' என்று பெஞ்சுக்கு வந்தவற்றில் பாதி இந்தக் கேஸ். கழற்றுவது லேசில்லை. போர்டின் கிரவுண்ட் செம்பு, அயர்ன் கொடுக்கிற சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் துளையின் உள்பூச்சு கையோடு வந்துவிடும். 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் பார்த்து மாற்றணும். சாலிட் கெப்பாசிட்டர் மலிவு போர்டு வரைக்கும் இறங்கி வந்த பிறகுதான் அந்த வேலை குறைந்தது.

ஏஎம்4 போர்டுகளில் எடுத்தது இன்னும் சின்னது, பயாஸ் சிப்பின் கொள்ளளவு. 2017இல் பி350 வாங்கியவரால் 2022இல் வந்த 5800எக்ஸ்3டியை அதிலேயே மாட்ட முடிந்தது. எனக்குத் தெரிந்து இவ்வளவு உழைத்த சாக்கெட் வேறில்லை. ஆனால் 16 எம்பி சிப்பில் எல்லா ப்ராஸசரின் கோடும் அடங்காமல், சில கம்பெனிகள் பயாஸ் மெனுவின் அலங்காரத்தை வெட்டின, சில பழைய ப்ராஸசர்களைக் கழற்றிவிட்டன.

இப்போது எடுப்பது விஆர்எம்மை, அதாவது ப்ராஸசருக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கிற பகுதியை. எச்610 போர்டுகள் பலவற்றில் அதன் மாஸ்ஃபெட்டுகள் ஹீட்சிங்க் இல்லாமல் வெறுமனே கிடக்கும். ஐ5 12400எஃப் முழு மூச்சில் இழுப்பது 117 வாட். ஓரளவு நல்ல எச்610 அதைத் தாங்கும், மிச்சக் காசைத் தாராளமாக கார்டில் போடலாம். ஐ7 12700க்கும் பெட்டிமேல் 65 வாட் என்றுதான் இருக்கும், இழுப்பதோ 180 வரைக்கும். சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், வெறும் மாஸ்ஃபெட் சூடேறி ப்ராஸசரின் வேகத்தை இறக்கிவிடும். அதற்கு ஹீட்சிங்க் உள்ள பி660, பி760தான் சரி. எச்610இல் ராமுக்கு இரண்டே ஸ்லாட் என்பதையும் சொல்லிவிடுவேன். இரண்டிலும் 8 ஜிபி போட்டு நிரப்பினால், 32 வேண்டும் என்கிற நாளில் இரண்டையும் கழற்றி விற்கணும். பழைய ராமுக்கு இந்தத் தெருவில் என்ன விலை தருவார்கள் என்று கீழே இறங்கி நாலு கடையில் கேட்டுவிட்டு வரச் சொல்வேன்.