லிஃப்ட் கிட் வாங்கும் முன் கொஞ்சம் ஜீப் வரலாறு

புனேயில் மழை ஆரம்பித்தால் போதும். தாரோ ஜிப்ஸியோ வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது, "சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட் போடலாம்னு இருக்கேன், ரெண்டு இன்ச்சா மூணு இன்ச்சா?" என்று கேட்பார்கள். நான் பதிலுக்குக் கேட்பது: வண்டி எந்தக் காலத்துப் பிறவி? ஏன் என்று சொல்ல 1940க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் அமெரிக்க ராணுவம் கேட்டது குள்ளமான வண்டி. எதிரி கண்ணில் சட்டென்று படக்கூடாது. முன் கண்ணாடியைக்கூட மடித்துப் படுக்க வைக்கலாம். 1941ல் வந்த வில்லிஸ் எம்.பி.யில் பட்டை ஸ்பிரிங் (இந்தப் பக்கம் கமானி என்பார்கள்) ஆக்சிலுக்கு அடியில் யூ போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதனால் வண்டி தாழ்ந்து நிற்கும். மகிந்திரா இங்கே ஓட்டவிட்ட சிஜே3பி, பிறகு வந்த எம்எம்540, 1985ல் மாருதி கொண்டுவந்த ஜிப்ஸி, எல்லாமே இந்த வழிதான்.

இப்படி ஒரு வண்டி கையில் கிடைத்தால் பட்டறைக்காரர்களுக்குத் தோன்றும் முதல் யோசனை, அடியில் இருக்கும் பட்டையைத் தூக்கி ஆக்சிலுக்கு மேலே வைப்பது. கிட் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், வெல்டிங் தெரிந்த ஆள் போதும். நாலு, ஐந்து அங்குலம் ஏறிவிடும். பார்க்க யானை மாதிரி நிற்கும்! ஆனால் ராணுவம் தாழ்த்தி வைத்ததில் ஒரு நன்மையும் இருந்தது: ஈர்ப்பு மையம் கீழே. உயர்த்திய ஜிப்ஸி பக்கச் சரிவில் நிற்பது வேறு கதை. ஸ்டீயரிங் ராடு சாய்ந்துவிடுவதால் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் தானாக இழுக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி கிராஸ் ஜாயின்ட் தேயும். முதல் கியரில் அழுத்தினால் பட்டையே 'S' மாதிரி முறுக்கிக்கொள்ளும். பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடும். இத்தனையையும் சரிசெய்ய ஆகும் செலவை யாரும் முதலில் சொல்வதில்லை.

இன்னொரு மலிவு வழி நீளமான ஷேக்கிள். ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது ஒரு அங்குலம்தான். முன்பக்கம் போட்டால் காஸ்டர் கோணம் மாறிவிடும். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிற வண்டிக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

2010ல் தார் வந்தபோது கதை மாறியது. அதன் சி.ஆர்.டி.இ. மாடலில் முன்பக்கம் பட்டை கிடையாது, டார்ஷன் பார். ஒரு போல்ட்டை முறுக்கினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், காசே செலவில்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தைத்தான் நாம் தின்றுவிட்டோம். குழியில் சக்கரம் தொங்காது, அந்தரத்தில் நிற்கும். 2020 தாரில் நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங், முன்பக்கம் இரட்டை விஷ்போன், பின்னால் முழு ஆக்சில். 2023ல் இங்கே வந்த ஜிம்னியிலோ காயில் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் முழு ஆக்சில். இதில் நீளமான ஸ்பிரிங் போட்டால் பான்ஹார்ட் ராடு ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கிட்தான் உருப்படி. வெறும் ஸ்பேசர் படத்துக்கு அழகு, அவ்வளவுதான் :-)

எந்தக் காலத்து வண்டியானாலும் ஒன்று மாறவில்லை. முழு ஆக்சிலில் கல்லில் இடிப்பது நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் குண்டு. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஏறாது. டயர் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அது ஒரு அங்குலம் ஏறும். லிஃப்ட் கிட் அந்தப் பெரிய டயருக்கு இடம் செய்து கொடுப்பதற்குத்தான். டயரே மாற்றப்போவதில்லை என்றால் கிட் எதற்கு என்பது என் கட்சி.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததற்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடச் சட்டத்திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். அன்று ஆர்.டி.ஓ. ஆய்வாளர் குனிந்து பார்க்கும்போது அடியில் மின்னும் சிவப்பு ஸ்பிரிங் அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்து வையுங்கள்.