மாமல்லபுரம் கடலில் சுறா பயம் உண்டா? குளிக்க இறங்கும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவை

மாமல்லபுரம்:-

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், சென்னை பகுதிகளில் இருந்து விடுமுறை நாட்களில் மாமல்லபுரம் கடற்கரைக்கு ஏராளமானோர் வருகிறார்கள். காணும் பொங்கலன்று வேன் பிடித்து குடும்பம் குடும்பமாக குவிகிறார்கள். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் கடற்கரையிலேயே குடில் போட்டு தங்குகிறார்கள். வந்தவர்கள் கடலில் கால் நனைக்காமல் திரும்புவது இல்லை. இறங்கும்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே சுறா வருமா?" என்பதுதான்.

சுறா இந்த கடலில் உண்டு. ஆனால் இங்கே உயிரை பறிப்பது சுறா அல்ல, கரையில் இருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்தான்.

பழைய பயம்

சுறா பயம் நமக்கு புதிது அல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவர்கள், பெரிய மீன்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு கிடைத்த முத்தில் 20-ல் ஒரு பங்கு கொடுத்ததாக 13-ம் நூற்றாண்டில் வந்த மார்கோ போலோ எழுதி இருக்கிறார்.

நாம் புட்டு செய்ய வாங்கும் பால் சுறா, மனிதனை தேடி வந்து தாக்கும் ரகம் அல்ல. பஸ் நீளத்துக்கு வளரும் திமிங்கல சுறாவும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி தின்னும் சாது. அதை பிடிக்க 2001-ம் ஆண்டு முதல் தடை உள்ளது.

அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள சர்வதேச சுறா தாக்குதல் பதிவேட்டின்படி, 2024-ம் ஆண்டு உலகம் முழுவதும் மனிதர் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் 47. அதில் இறந்தவர்கள் 4 பேர். தண்ணீரில் மூழ்கி இறப்பவர்களோ ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சுறாவிடம் எங்கே கவனம் தேவை?

அதற்காக சுறாவை அலட்சியம் செய்யவும் கூடாது. மராட்டிய மாநிலம் பால்கர் மாவட்டத்தில் வைதர்ணா ஆற்றில் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒருவரின் காலை சுறா கடித்து குதறியது. காளை சுறா உப்பு தண்ணீரில் மட்டும் அல்ல, ஆற்று தண்ணீரிலும் நீந்தும். எனவே,

* பாலாறு கடலில் கலக்கும் வாயலூர், முட்டுக்காடு முகத்துவாரம் போன்ற இடங்களில், குறிப்பாக மழைக்கு பின் கலங்கல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

* வலை இழுக்கும் இடம், மீன் கழிவு கொட்டும் இடம் பக்கம் நீந்த வேண்டாம்.

* விடியற்காலை, அந்தி நேரம், இரவு ஆகியவற்றை தவிர்க்கவும். தனியாக போக வேண்டாம்.

* உடம்பில் ரத்தம் கசியும் காயம் இருந்தால் கரையிலேயே இருக்கவும். பளபளக்கும் நகைகளை கழற்றி விடவும்.

உண்மையான எமன்

கரைக்கு வந்த அலைத்தண்ணீர் திரும்பி போக ஒரு குறுகலான பள்ளத்தை பிடித்துக்கொள்ளும். அந்த வழியில் வேகமாக உள்ளே ஓடும். இதுதான் இழுவை நீரோட்டம். நீச்சல் வீரனாலும் இதை எதிர்த்து நீந்த முடியாது.

இதில் பெரிய ஏமாற்று வேலை ஒன்று உண்டு. இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதியாக, கருத்து தெரியும். "அலையே இல்லை, இங்கே குளிக்கலாம்" என்று இறங்குவது அங்கேதான். நுரையும் மணலும் கடல் பக்கம் நகர்ந்தால் அதுவே அடையாளம். பாறை ஓரங்களிலும் இந்த இழுப்பு இருக்கும். கடற்கரை கோவிலை காக்க கொட்டிய பாறைகள் பக்கம் இறங்கவே கூடாது.

வானம் தெளிவாக இருக்கிறதே என்றும் நம்பி விடக்கூடாது. தொலைதூர கடலில் கிளம்பும் அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் வந்து அடிக்கும். இதற்கு கள்ளக்கடல் என்று பெயர். 2024-ம் ஆண்டு மே 6-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவ-மாணவிகள் 5 பேர் அலையில் சிக்கி பலியானார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே விடப்பட்டு இருந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் தரும் அலை எச்சரிக்கையை பார்த்துவிட்டு கிளம்புவது நல்லது.

இழுத்துக்கொண்டு போனால்...

பதற வேண்டாம். இந்த நீரோட்டம் ஆளை அடியில் அமுக்காது, உள்ளே தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். கரையை பார்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு விட்டதும் கரைக்கு திரும்பலாம். நீச்சல் தெரியாதவர்கள் மல்லாந்து மிதந்து, ஒரு கையை தூக்கி சத்தம் போடுங்கள்.

கரையில் நிற்பவர்கள் அவசரப்பட்டு குதிக்கக்கூடாது. ஒருவரை காப்பாற்ற போய் இரண்டு, மூன்று பேர் சாவது இப்படித்தான். காலி கேன், டியூப், கயிறு என்று எதையாவது வீசுங்கள். மீனவர்களை கூப்பிடுங்கள்.

மீட்டவரின் வயிற்றை அமுக்குவது, தலைகீழாக தூக்கி சுற்றுவது எல்லாம் தவறு. மூச்சு இருந்தால் ஒருக்களித்து படுக்க வையுங்கள். இல்லாவிட்டால், பயிற்சி பெற்றவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும்.

கடித்தால், கொட்டினால்

சுறா கடித்தால் சுத்தமான துணியை காயத்தில் வைத்து விடாமல் அழுத்தி பிடிக்கவும். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவவும். திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் காலை வைக்கவும். பிறகு ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். வலையில் இருந்து கரையில் விழுந்த கடல் பாம்பை தொடவே கூடாது, விஷம் அதிகம்.

அவசர உதவிக்கு: ஆம்புலன்ஸ் 108, போலீஸ் 112, கடலோர பாதுகாப்பு குழுமம் 1093.

மது குடித்தவர்களை தண்ணீர் பக்கமே விடாதீர்கள். குழந்தைகளை கை எட்டும் தூரத்தில் வைத்திருங்கள். "முழங்கால் அளவு தண்ணிதானே" என்று திரும்பி செல்பி எடுக்கும் நேரம் போதும், அடுத்த அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போய்விடும்.