ஊருக்குள்ளே ஒரு மனை

செங்கற்பட்டுச் சீமையின் பழைய கிராம வரைபடம் ஒன்றை விரித்துப் பாருங்கள், தோழர்களே! ஏரி இருக்கும், ஏரியின்கீழ் நஞ்சை இருக்கும், கோயில் இருக்கும், கோயிலை அணைத்தாற்போல் ஊர்நத்தம் இருக்கும். அதோடு முடிந்ததா ஊர்? இல்லை. விரலைச் சற்று நகர்த்த வேண்டும். வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மேட்டையும் பள்ளத்தையும் தாண்டி, தனியே ஒரு சிறு கட்டம் தெரியும். அதன் பெயர் சேரிநத்தம். நஞ்சையில் நடவு நட்டவரும், ஏரிக்கரையில் மண் சுமந்தவரும் குடியிருந்த இடம் அது. படம் வரைந்தவன் வெள்ளைக்காரன்தான். ஆனால் அந்த இடைவெளி அவன் உண்டாக்கியதல்ல. அவன் சங்கிலி போட்டு அளக்க வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது அளந்து வைக்கப்பட்டிருந்தது.

அளந்தவர் யார் என்று கேட்டால் ஆத்திரப்படுவார்கள் வைதீகர்கள். மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும் என்று விதி அங்கே இருக்கிறது. இன்று நகரமைப்புப் பொறியாளர்கள், இங்கே தொழிற்சாலை, இங்கே கடைவீதி, இங்கே குடியிருப்பு என்று வண்ணந்தீட்டிப் பிரிக்கிறார்களே, அந்தக் கலையின் ஆதிகர்த்தா மனுவே என்று ஒரு பட்டயம் எழுதிக் கொடுக்கலாம்! வேறுபாடு ஒன்றுதான்: பொறியாளரின் விதியை மாற்ற அரசாணை போதும், மனுவின் விதியை மாற்ற ஆண்டவனே வந்தாலும் ஆகாது என்று நம்மை நம்ப வைத்திருந்தார்கள்.

நூலோடு நின்றிருந்தால் நாம் கவலைப்படத் தேவையில்லை. கல்லிலும் ஏறியது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் படியுங்கள். வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம் ஓரிடம், பறைச்சேரி ஓரிடம், கம்மாணச்சேரி ஓரிடம், தீண்டாச்சேரி என்றே ஓரிடம், சுடுகாடு ஓரிடம். பொற்காலம் என்று பாராட்டப்படும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய காலத்திலேயே, இன்னார்க்கு இன்ன இடம் என்ற பிரிவினை கணக்குப்பிள்ளையின் ஏட்டில் ஏறிவிட்டது. கோபுரத்தின் உயரம் பேசும் புலவர் பெருமக்கள் இந்த வரிகளின்மேல் விரல் வைப்பதில்லை.

செங்கற்பட்டுக்கு வருவோம். 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியாரின் கைக்கு வந்த சாகீர் இது. இங்கே 'மிராசு' என்றொரு முறை. ஊர் நிலம் முழுவதும், பயிரிட்டதும் பயிரிடாததும், மிராசுதாரர் என்னும் சில குடும்பங்களின் பரம்பரைப் பாத்தியம் என்பது அவர்கள் வாதம். தரிசாய்க் கிடக்கும் நிலத்தை வேறொருவன் தர்க்காசு போட்டுக் கேட்டால், 'முதல் உரிமை எமக்கே' என்று குறுக்கே நிற்பர். அரசாங்கமும் தலையாட்டிற்று. விளைவு என்ன? படியாள் உழுதான், படியாளின் பிள்ளையும் உழுதான், உழுத நிலத்தில் ஒரு சாண் அவனுக்கில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவன் குடிசை நிற்கும் மண்ணும் அவனுடையதல்ல! கூலி கூட்டிக் கேட்டாலும், தரிசுக்கு மனுப் போட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும், ஆண்டையின் வாயிலிருந்து வருவது ஒரே சொல்: 'காலி செய் குடிசையை!' சவுக்கு தேவைப்படவில்லை; விலங்கு தேவைப்படவில்லை; வீட்டு மனை ஒன்றே போதுமானதாக இருந்தது ஒரு சமுதாயத்தை அடிமையாக வைத்திருக்க.

இதைக் கண்டு எழுதியவர் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர், திரெமென்ஹீர் என்பவர். 1891-இல் செங்கற்பட்டின் பொறுப்புக் கலெக்டராக இருந்தபோது, இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை தந்தார். அவருக்கு முன்னமே ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமார்கள் இங்கே அலைந்து திரிந்து, தர்க்காசு மனுக்கள் எப்படித் தள்ளுபடியாகின்றன என்று ஆட்சியாளரின் காதைக் குடைந்துகொண்டிருந்தார்கள். மதம் மாற்றும் நோக்கம் அவர்களுக்கு உண்டு, மறைப்பானேன்? ஆனாலும் ஊர்க்கோயில் தர்மகர்த்தாக்களுக்குத் தோன்றாத அக்கறை அவர்களுக்குத் தோன்றிற்று என்பதையும் மறைப்பானேன்? அறிக்கை மேலே போயிற்று. வருவாய்த்துறைப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் 1892-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், 1010, 1010-ஏ எண்ணிட்ட அரசாணைகள் பிறந்தன. தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்க வழி ஏற்பட்டது. இன்று 'பஞ்சமி நிலம்' என்கிறோமே, அதன் பிறப்புச் சீட்டு இதுதான்.

ஒதுக்கிய நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. அதன்பின் விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கவேண்டும் என்ற நிபந்தனைகளும் பின்னர்ச் சேர்ந்தன. மாகாணம் முழுதும் 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு தரப்பட்டதென்று நிலமீட்பு இயக்கத்தார் சொல்லுகின்றனர். எங்கே அந்த நிலம்? அடகென்றும் கடனென்றும், கள்ளக் கையெழுத்தென்றும், கணக்குப்பிள்ளையின் தயவென்றும், பெரும்பகுதி கை மாறிவிட்டது. காகிதத்தில் நிபந்தனை இருந்தது. காகிதமோ மிராசுதாரரின் மைத்துனர் கையில் இருந்தது!

மாமல்லபுரத்துக்கு அருகே காரணை என்றொரு சிற்றூர். அங்கே பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்கத் தாழ்த்தப்பட்ட மக்கள் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10-ஆம் நாள் போலீசார் சுட்டனர். சான் தாமசு, ஏழுமலை என்ற இரு தோழர்கள் மாண்டனர். திரெமென்ஹீர் அறிக்கை எழுதி 103 ஆண்டுகள் கழித்து, அதே செங்கற்பட்டில், அதே நிலத்துக்காக!

நிலத்தின் கதை இது. மனையின் கதை இன்னும் மெதுவாக நடந்தது. 1892-இன் ஆணையோடு குடிசை மண்ணுக்கு உறுதி தரும் சட்டம் எதுவும் கூடவே வரவில்லை. 1920-ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி ஏற்பட்டு, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் சேரிகளுக்கு மனை வாங்கித் தரும் வேலை ஓரளவு நடந்தது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றக்கூடாது என்ற சட்டம் வர 1961 ஆயிற்று. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்ற சட்டம் வர 1971 ஆயிற்று. கலைஞர் ஆட்சி கொண்டுவந்தது அது. ஆண்டையின் வாயிலிருந்த 'காலி செய்' என்ற அந்தச் சொல்லைப் பறித்த சட்டம் என்பதால், பாடநூலில் பெரிய எழுத்தில் அச்சிடத் தக்கது. அச்சிடுவார்களா என்பது வேறு செய்தி.

ஆனால் மனை சொந்தமானது, சேரியிலேதான்! இடைவெளி அப்படியே நின்றது. அதை முதன்முதலாகக் கணக்குப் போட்டு உடைக்க முயன்றது 1997-இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவுச் சமத்துவபுரம். நூறு வீடுகள். தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. சாதிவாரியாகத் தெரு இல்லை. யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்யாது. மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் முதலாவது எழுந்தது. குறை இல்லையா? உண்டு. பழைய ஊரை அப்படியே விட்டுவிட்டு, வெளியே புதிதாக ஓர் ஊரைக் கட்டினால் பழைய ஊர் தப்பித்துக்கொள்கிறதே என்பது என் மனக்குறை. அக்கிரகாரத்தின் நடுவே நான்கு மனை ஒதுக்கியிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும் சமத்துவத்தின் எடை!

கடல் கடந்த நாட்டில் ஒரு தாய் அதைத்தான் கேட்டார். அமெரிக்காவின் நியூசெர்சியில் மவுண்ட் லாரல் என்ற ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த நீக்ரோ வகுப்பைச் சேர்ந்தவர் எத்தல் லாரன்சு. ஊர் வளர்ந்தது, செல்வர் வந்தனர், பெரிய மனை, பெரிய வீடு மட்டுமே கட்டலாம் என்று விதி செய்தனர். 'கறுப்பர் வரக்கூடாது' என்று எழுதினால் நீதிமன்றம் விடாது. 1917-லேயே லூயிவில் நகரத்து விதியை உச்சநீதிமன்றம் கிழித்தெறிந்திருந்தது. ஆகவே நிறத்தை எழுதாமல் சதுர அடியை எழுதினார்கள்! சொந்த ஊரிலேயே ஏழைகளுக்குச் சிறு வீடுகள் கட்ட இடமில்லை என்றாயிற்று. 1971-இல் வழக்கு, 1975-இல் தீர்ப்பு. எளியோர் வீட்டுத் தேவையில் தன் பங்கை ஒவ்வோர் ஊரும் ஏற்றாகவேண்டும் என்றது அம்மாநில உச்சநீதிமன்றம். எத்தல் 1994-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய வீடுகளில் மக்கள் குடியேறியது அதற்கும் சில ஆண்டுகள் பின்னரே.

அந்தக் கருத்து நம் நாட்டுக்கும் வந்தது, அரசாணை உருவில். சென்னைப் பெருநகரின் இரண்டாம் பெருந்திட்டத்தோடு 2008-இல் வந்த வளர்ச்சி விதிகளும், மாநிலம் முழுமைக்குமாக 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளும், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு மனையாக வேண்டும் என்கின்றன. நூற்றுக்குப் பத்து! சமத்துவபுரத்துக் கணக்கோடு பார்த்தால் சிறிது. சேரிநத்தத்துக் கணக்கோடு பார்த்தால் பெரிது.

ஆனால் 2008 விதியை ஊன்றிப் படித்தேன். பெரிய குடியிருப்புகளைக் கட்டுவோர், 45 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு வீடுகளை அதே மனையில் கட்டித் தரலாம். அல்லது இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறோரிடத்திலும் கட்டலாம். அல்லது! இந்த ஒரு சொல்லைக் கண்டதும் எனக்குப் பழைய கிராம வரைபடம் நினைவுக்கு வந்தது. வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி இருந்த சேரியின் தொலைவும் ஏறக்குறைய அதுதானே? சாதியை எழுதவில்லை, தொலைவை எழுதியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட விதி என்பதை ஒப்புகிறேன். நல்லெண்ணம் எந்த வாசல் வழியே வெளியேறும் என்பதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது செங்கற்பட்டின் வரலாறு.

பழைய மகாபலிபுரம் சாலையில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடி மாளிகைகள், கணிப்பொறிக் கம்பெனிகள், நீச்சற்குளத்தோடு கூடிய அடுக்குமாடிகள். இன்னொரு பக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் ஆயிரமாயிரமாய் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறார்கள். வேலைக்குப் பழைய இடத்துக்கே போய்வர பேருந்துக் காசு கூலியைத் தின்கிறது. அரசு கட்டிக்கொடுத்த வீடுதான். ஆனால் ஊர் வேறு, அது வேறு.

கிழக்கே கடற்கரைக்குப் போனால் மாமல்லபுரம். நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்று 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது. கல்லைக் காப்பது நன்று. அதை நான் குறை சொல்லேன். ஆனால் மகனுக்கு ஓர் அறை எடுக்க விரும்பும் சிற்பத் தொழிலாளிக்கும் மீனவனுக்கும் அந்தச் சட்டத்தில் மாற்று மனை எங்கே? ஊரை விட்டு விலகி மனை தேடினால், உல்லாச விடுதிகள் ஏற்றிவிட்ட விலை அவன் கைக்கு எட்டாது.

2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்தில் ஆட்சேபம் கேட்கவேண்டும் என்பது 1971 நகரமைப்புச் சட்டம். பாசறை இளைஞர்கள் அந்த நாளில் அலுவலகத்துக்குப் போகவேண்டும். வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள். வண்ணங்களில் மயங்காதீர்கள். ஒவ்வொரு பெரிய மனைப்பிரிவுக்கும் அந்தப் பத்திலொரு பங்கு எங்கே விழுகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாசலுக்கு உள்ளேயா, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலா என்று கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.