வண்டு கொடுத்த சம்பளம்

லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம், டோபி காட். பெயரிலேயே கதை இருக்கிறது. சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்தார்கள். கொஞ்சம் நடந்தால் தேசிய அருங்காட்சியகம். 1887இல் ராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமுமாகத் திறந்த கட்டிடம். பாடம்செய்த பறவைகளையும் திமிங்கில எலும்புக்கூட்டையும் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்த இடம் அதுதான். அந்த விலங்குச் சேகரிப்பின் பெரும்பகுதி 1970களில் பல்கலைக்கழகத்துக்குப் போய், இப்போது லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். காட்டுக்குப் போய் இதையெல்லாம் தேடியவர்களுக்கு யார் காசு கொடுத்தார்கள்?

இந்த ஊரில் அதற்கு நல்ல பதில் வைத்திருப்பவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். இந்தக் கட்டிடம் திறப்பதற்கு 33 ஆண்டுகளுக்கு முன், 1854 ஏப்ரலில், சிங்கப்பூரில் வந்து இறங்கினார். வயது 31. பட்டம் இல்லை, வேலை இல்லை, அப்பா சொத்தும் இல்லை. டார்வின் 22 வயதில் பீகிள் கப்பலில் ஏறியபோது செலவை அவருடைய தந்தை பார்த்துக்கொண்டார். வாலஸுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதற்கு முன் அமேசானில் நான்கு வருடம் சேகரித்ததில் பெரும்பகுதி 1852இல் நடுக்கடலில் கப்பலோடு எரிந்துபோனது. லண்டனில் இருந்த அவருடைய முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் முன்யோசனையாகக் காப்பீடு எடுத்து வைத்திருந்ததால்தான் பிழைத்தார்.

அடுத்த பயணத்துக்கு ராயல் புவியியல் சங்கத்தை அணுகினார். சங்கத்தின் தலைவராக இருந்த மர்ச்சிசன் அரசிடம் பேசி, சிங்கப்பூர் வரைக்கும் இலவச முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். இன்றைய பாஷையில் சொன்னால் டிராவல் கிராண்ட்.

சரி, டிக்கெட் கிடைச்சாச்சு. சாப்பாட்டுக்கு?

அதற்கு வண்டுகள்தான். பிடித்தவற்றைப் பெட்டியில் அடுக்கி ஸ்டீவன்ஸுக்கு அனுப்புவார். அவர் அருங்காட்சியகங்களுக்கும் பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கும் விற்றுப் பணம் அனுப்புவார். தன் ஆய்வுக்கு வேண்டியதை விற்காமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மிச்சத்தை விற்றால்தான் அடுத்த தீவுக்குப் போக முடியும். எட்டு வருடத்தில் அவர் சேர்த்தவை 1,25,660. அதில் வண்டுகள் மட்டும் 83,200. இந்த எண்ணிக்கையை அறிவியல் ஆர்வம் என்று மட்டும் படிக்கக் கூடாது. பாதி அவருடைய சம்பளக் கணக்கு.

அந்தக் கணக்கு தொடங்கிய இடம் புக்கிட் தீமா. அங்கிருந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியாரின் வீட்டில் தங்கினார். இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகள். அநேகமாக எல்லாம் ஒரு சதுர மைலுக்கு மேல் போகாத ஒரே காட்டுத்துண்டில். அது எப்படி என்பதற்கு அவரே காரணம் எழுதியிருக்கிறார். சீன மரவெட்டிகள் பல வருடங்களாக அங்கே மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த மரமும் காய்ந்த பட்டையும் மரத்தூளும் பூச்சிகளுக்கு ஓயாத விருந்து. புலிக்குப் பயந்துகொண்டே அவர்கள் உழைத்த உழைப்பில்தான் வாலஸின் முதல் வருடம் ஓடியது. எந்தச் சங்கமும் அறிவிக்காத மானியம் அது. சரவாக்கின் சிமுஞ்சானில் பூச்சிக்கு ஒரு காசு என்று தொழிலாளர்களுக்கே கொடுத்து வாங்கினார். சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற மலாய்ப் பையன் சமைத்தான், சுட்டான், பறவைகளைப் பாடம்செய்தான். 1862இல் சிங்கப்பூரில் பிரியும்போது வாலஸ் அவனுக்குப் பணமும் துப்பாக்கிகளும் கொடுத்தார். அப்போது எடுத்த அவனுடைய புகைப்படம் மிஞ்சியிருக்கிறது. மரவெட்டிகளுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

இடையில், 1858இல், இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். பரிணாமக் கொள்கை இரண்டு பேர் பெயரிலும் லண்டனில் வாசிக்கப்பட்டது.

ஊர் திரும்பியபோது, விற்ற பணத்தை ஸ்டீவன்ஸ் இந்திய ரயில்வே பங்குகளில் போட்டு வைத்திருந்தார். ஆண்டுக்கு 300 பவுண்டு வந்தது. போர்னியோ வண்டு இந்தியத் தண்டவாளமாகி அவருக்குச் சோறு போட்டது! பிறகு தவறான முதலீடுகளில் அதுவும் கரைந்தது. கடைசிவரை நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 58ஆம் வயதில், டார்வினும் நண்பர்களும் முயன்று வருடத்துக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தார்கள்.

இன்று தவளையையோ வௌவாலையோ ஆராயப் புறப்படும் இளைஞர்களுக்கு மாதிரிகளை விற்கும் கட்டாயம் இல்லை, அது நல்லதுதான். ஆனால் டிக்கெட்டுக்கு ஒரு விண்ணப்பம், தங்குவதற்கு ஒரு விண்ணப்பம், எட்டு மாதத்தில் முடியும் உதவித்தொகை என்று அவர்களும் கணக்குப் போட்டுக்கொண்டேதான் காட்டுக்குள் போகிறார்கள். கட்டுரையின் கடைசியில் நிதி கொடுத்தவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி வரும். வாலஸ் கட்டுரைக்கு அந்த வரியை எழுதினால் மர்ச்சிசன் பெயர் வரும், ஸ்டீவன்ஸ் பெயர் வரும், அலி பெயரும் வர வேண்டும். மரவெட்டிகள் வரும் இடத்தில் என்ன எழுதுவது? இந்த ஊர் தன் சலவைத் தொழிலாளர்களுக்கு ஒரு நிறுத்தத்தின் பெயரையாவது கொடுத்திருக்கிறது.