சாவடியும் பூங்காவும்

பஸ் கண்டக்டர் "வேலப்பன்சாவடி!" என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு எழும். சாவடி என்றால் வழிப்போக்கர் மூட்டையை இறக்கி இளைப்பாறும் இடம் அல்லவா? பக்கத்திலேயே கூவம் ஆறு. ஆனால் இன்று அதன் கரையில் இளைப்பாறுவார் யார்? மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோம்.

அதே கரையில்தான் திருவேற்காடு இருக்கிறது. சூதாடி வென்ற பொருளால் அடியார்களுக்கு அமுது படைத்த மூர்க்க நாயனார் பிறந்த ஊர். அன்னமிட்ட ஊரின் ஆற்றுக்கு நாம் இடுவது சாக்கடை!

சென்ற மாதம் அடையாற்றின் கழிமுகத்தருகே தொல்காப்பியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். ஒரு காலத்தில் குப்பையும் கட்டிட இடிபாடுகளும் கொட்டிக் கிடந்த இடம். அவற்றை வாரி அப்புறப்படுத்தி, நீர்நிலையை ஆழப்படுத்தி, உவர்நீர் ஏறும் ஓரங்களில் அலையாத்திக் கன்றுகளை நட்டார்கள். 58 ஏக்கர் பரப்பில் பூங்கா உருவாகி, 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. வேர்களுக்கிடையே மீன் குஞ்சுகள் வந்தன. மீனைத் தேடிக் கொக்கும் நாரையும் வந்தன. யாரும் அழைப்பு அனுப்பவில்லை!

நடைபாதையில் நின்று மகிழ்ந்தேன். ஆனால் வேலிக்கு அப்பால் அடையாறு இன்னும் கறுத்துத்தான் ஓடுகிறது. பூங்கா ஆற்றைச் சுத்தம் செய்துவிடாது. மேலே உள்ள ஊர்கள் தங்கள் கழிவுநீரை நிறுத்தினால்தான் கீழே நீர் தெளியும். கூவத்துக்கு அந்த 'மேலே உள்ள ஊர்கள்' யார் என்று கேட்கிறீர்களா? வேலப்பன்சாவடியில் பஸ் ஏறுகிற நாமுந்தான்!