பயன்படாத வரம்பின் பயன்: செட்டியார் கடனும் ஜொகூர்ச் சிறுதோட்டங்களும்

முன்னுரை

மலாயாத் தமிழர் வரலாற்றில் தோட்டத் தொழிலாளர் பெற்றுள்ள இடத்தோடு ஒப்பிடுகையில், வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் பெற்றுள்ள இடம் சிறிதே ஆகும். அச்சிறிய இடத்திலும் அவர் கடன் கொடுத்தவராகவே காட்டப்படுகிறார். கடன் வாங்கியவராகக் காட்டப்படுவது அரிது. ஆயினும் அவர் வங்கியிடம் வாங்குபவராகவும் விவசாயிக்குக் கொடுப்பவராகவும் ஒரே வேளையில் விளங்கினார். வங்கி அவருக்கு ஒதுக்கி வைத்து, அவர் இன்னும் தொடாதிருந்த மேல்வரைப்பற்று வரம்பு சுருங்கியபோது நேர்ந்தது என்ன என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும். இன்றைய வணிகர் 'ஓடி' என்று சுருக்கமாகக் குறிப்பிடும் வசதியே இது.

கடன் கொடுத்தவரும் கடனாளியே

பினாங்கில் 1857ஆம் ஆண்டிலும் சிங்கப்பூர்த் தேங்க் சாலையில் 1859ஆம் ஆண்டிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்த நகரத்தார், ஈயமும் இரப்பரும் சென்ற வழியெல்லாம் சென்றனர். ஜொகூரில் மூவார் அவர்களுடைய முக்கிய ஊர்களுள் ஒன்றாயிற்று. மூவார், பத்து பஹாட் வட்டாரங்களில் மலாய்க்காரரும் ஜாவானியரும் சீனரும் சிறுதோட்டங்களில் இரப்பர் பயிரிட்டனர். மரம் பால் தருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்கப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் இச்சிறுதோட்டக்காரரை நேரில் அணுகவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் செட்டியாரும் ஒருவர். நிலப்பட்டாவை ஈடாகப் பெற்று அவர் கடன் கொடுத்தார்.

அவருடைய பணம் பலவகைப்பட்டது. முதலாளியின் சொந்த முதல், உறவினர் இட்டுவைத்த மேல்பணம், ஆச்சிமார் சீதனப் பணம், கோயில் பணம் ஆகியவை பெரும்பகுதியாயின. எஞ்சியதை அவர் வங்கிகளிடம் பெற்றார். சார்ட்டர்டு வங்கி 1859ஆம் ஆண்டிலும் ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1877ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் கிளை திறந்திருந்தன. இத்தகைய வங்கிகள் நகரத்தார் நிறுவனங்களை அவற்றின் விலாச எழுத்துகளைக் கொண்டு அறிந்து, முதலாளியின் செல்வநிலைக்கும் நாணயத்திற்கும் ஏற்பக் கடன் வரம்பு வகுத்தன.

பயன்படாத வரம்பின் பயன்

வங்கிக் கடன் செட்டியார் முதலில் சிறுபகுதியே என்றால், அது குறைந்ததால் என்ன கேடு என்று வினவலாம். இவ்வினாவுக்கான விடை, பயன்படுத்திய கடனில் இல்லை. பயன்படுத்தாத வரம்பில் உள்ளது.

ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். ஒரு கடையின் முதலும் வைப்பும் சேர்ந்து 80,000 வெள்ளி. வங்கி அளித்த வரம்பு 20,000 வெள்ளி. அவ்வரம்பில் ஒரு காசும் எடுக்கப்படவில்லை. எனினும் அவ்வரம்பை நம்பியே கடையின் முகவர் 80,000 வெள்ளி முழுவதையும் வெளியே கடனாகக் கொடுக்கிறார். தவணைப் பணம் இட்டவர் திடீரென்று திரும்பக் கேட்டால் வங்கியில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது அவர் துணிவு. வங்கி அந்த 20,000 வெள்ளி வரம்பை நீக்கினால் அவர் வங்கிக்குத் திருப்பித் தர வேண்டியது ஏதுமில்லை. கணக்கேட்டில் ஒரு வரியும் மாறாது. ஆனால் அன்று முதல் அவர் 20,000 வெள்ளியைப் பெட்டியில் பூட்டி வைத்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி, வெளியே நிற்கும் கடனை வசூலிப்பதாகும். வங்கிக்கு வெற்று எண்ணாக இருந்தது செட்டியாருக்குக் காப்பாகவும் சிறுதோட்டக்காரருக்குத் தவணை நீட்டிப்பாகவும் இருந்தது.

1925 முதல் 1932 வரை

இதன் முன்னறிகுறி இலங்கையில் தோன்றியது. 1925ஆம் ஆண்டில் கொழும்பில் பெரிய நகரத்தார் நிறுவனம் ஒன்று நொடித்தது. அதன்பின் அங்கிருந்த ஐரோப்பிய வங்கிகள் நகரத்தார் அனைவருக்குமான கடனைச் சுருக்கின. ஒருவர் தவறுக்கு ஒரு சமூகத்தின் நாணயமே குறைத்து மதிப்பிடப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அச்சுருக்கம் மேலும் இறுகியது. 1934ஆம் ஆண்டில் சர் சொராப்ஜி போச்கானாவாலா தலைமையில் அமைந்த இலங்கை வங்கி ஆணையம் இந்நிலையை ஆராய்ந்தது. 1939ஆம் ஆண்டில் இலங்கை வங்கி தோன்றியது.

மலாயாவில் வீழ்ச்சியின் வேகத்தை இரப்பர் விலையே காட்டும். சிங்கப்பூர்ச் சந்தையில் ஒரு பவுண்டு இரப்பரின் சராசரி விலை 1925ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கு மேல் இருந்தது. 1929ஆம் ஆண்டில் ஏறத்தாழ 34 காசாகவும், 1932ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7 காசாகவும் இறங்கியது. விலை இறங்க ஈட்டின் மதிப்பு இறங்கியது. ஈட்டின் மதிப்பு இறங்க வங்கியின் நம்பிக்கை இறங்கியது. சிறுதோட்டக்காரருக்குக் கடன் மிகவும் தேவைப்பட்ட அதே ஆண்டுகளில்தான் கடனின் ஊற்று மேலிருந்து வற்றத் தொடங்கியது.

இவ்வற்றலின் முழு விளைவைப் பர்மா காட்டியது. அங்குள்ள 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930ஆம் ஆண்டில் நிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடே செட்டியார் வசம் இருந்தது. 1930களின் இறுதியில் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. நிலம் வேண்டிக் கடன் கொடுத்தவரல்லர் செட்டியார். அவருக்கு வேண்டியது சுழலும் பணம். பணம் திரும்பாத இடத்தில் நிலம் வந்து சேர்ந்தது. நிலத்தோடு பகையும் வந்து சேர்ந்தது.

சட்டம் கண்டதும் காணாததும்

மலாய் விவசாயியின் நிலம் கைமாறுவதைத் தடுக்க அரசு முனைந்தது நியாயமே. கூட்டு மலாய் மாநிலங்களில் 1931ஆம் ஆண்டில் சிறுநில விற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1933ஆம் ஆண்டில் திருத்திய மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் வந்தன. ஜொகூர் 1936ஆம் ஆண்டில் தனக்கென ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இயற்றியது. இச்சட்டங்கள் கடன் சங்கிலியின் கடைசிக் கண்ணியைக் கண்டன, முதற்கண்ணியைக் காணவில்லை. நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்த செட்டியார் ஊரறியத் தெரிந்தார். வரம்பைக் குறைத்த வங்கியின் செயலோ ஒரு கடிதத்தோடு முடிந்துவிட்டது.

இதனால் செட்டியார் குற்றமற்றவர் என்று நாம் வாதிடவில்லை. தமக்கு நேர்ந்ததையே அவரும் தம்மிடம் கடன்பட்டவருக்குச் செய்தார். உயர்ந்த வட்டியும் வாங்கினார். குடியேற்ற ஆட்சியினர் செட்டியாரையும் மலாய் உழவரையும் இரு வார்ப்புருக்களாகவே கண்டனர் என்பதைப் பால் கிராடோஸ்கா 1975ஆம் ஆண்டின் தம் ஆய்வில் எடுத்துக்காட்டியுள்ளார். அவ்விரு உருவங்களுக்கும் பின்னால் நின்ற வங்கியையும் சேர்த்துக் காண்பதே முழுமையான வரலாறாகும்.

நகரத்தாரும் இப்பாடத்தை உணர்ந்தனர் எனலாம். 1937ஆம் ஆண்டில் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய ஊர்களில் தொடங்கிய அது விரைவில் பினாங்கிலும் கிளை கண்டது.

முடிவுரை

பயன்படாத வரம்பைச் சூனியமாக எண்ணும் வழக்கம் 1930களோடு ஒழியவில்லை. வங்கி தான் விரும்பியபோது நீக்கக்கூடிய பயன்படாத கடன் வரம்புகளுக்கு, 1988ஆம் ஆண்டின் பாசல் உடன்பாடு மூலதனம் ஏதும் கோரவில்லை. 2017ஆம் ஆண்டில் முடிவான பாசல் விதிகளே அத்தொகையில் 10 விழுக்காட்டைக் கடனாகக் கணக்கிடப் பணித்தன. அவ்வரம்புக்கு மதிப்புண்டு என்பது ஏட்டில் ஏற இத்தனை காலமாயிற்று. ஆயினும் அம்மதிப்பு வங்கிக்கு ஒரு செலவாகவே ஏறியதால், பயன்படாத வரம்பைக் குறைக்க மேலும் ஒரு காரணமும் பிறந்தது. 2008ஆம் ஆண்டு நெருக்கடியில் அமெரிக்க வங்கிகள் வீட்டு ஈட்டின்மீது அளித்திருந்த பயன்படாத வரம்புகளை முடக்கியதை உலகம் கண்டது.

ஜொகூரில் இன்று மளிகைக் கடையோ அச்சகமோ நடத்தும் தமிழர் கைக்கும் வரம்பைக் குறைக்கும் கடிதம் வரக்கூடும். அவர் சரக்கு வாங்குவதை நிறுத்தும்போதும் வேலையாளைக் குறைக்கும்போதும் பழி அவரையே சாரும். ஆதலின் வகுப்பறையில் செட்டியார் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அவர் வாங்கிய வட்டி எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அவர் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது என்றும் மாணவரைக் கேட்கச் செய்தல் வேண்டும்.